உண்மைச் சம்பவக் குற்றப்படங்கள்: விமர்சனம் எழுதுவோரும் படிப்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை வட்டாரத்தில் சினிமா பற்றி எழுதுகிறவர்களை மனதில் வைத்துத் தொகுத்தது. நல்ல படமா, கெட்ட படமா என்று தீர்ப்புச் சொல்ல இங்கே வழி காட்டவில்லை. நிஜத்தில் நடந்த குற்றத்தைப் படமாக்கினால் எதைச் சரிபார்ப்பது, எங்கே தேடுவது, எதில் சறுக்குவோம் என்பதுதான் விஷயம்.

‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று போட்டால் நடந்தது அப்படியே இருக்கும் என்று நம்பலாமா?

நம்பக் கூடாது. இத்தனை சதவீதம் உண்மை இருந்தால்தான் அப்படிப் போடலாம் என்று எந்த விதியும் கிடையாது. பல படங்களில் இரண்டு வாசகங்கள் சேர்ந்தே வரும். போஸ்டரிலும் டிரெய்லரிலும் ‘உண்மைச் சம்பவம்’. படம் தொடங்கும்போது ‘பெயர்கள், பாத்திரங்கள், சம்பவங்கள் யாவும் கற்பனையே’. முதலாவது டிக்கெட்டுக்கு, இரண்டாவது வக்கீலுக்கு.

‘விசாரணை’யை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் வெனிஸ் விழாவில் திரையிட்டு, 2016 பிப்ரவரியில் இங்கே வெளியான படம். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், 1983-ல் குண்டூரில் போலீஸ் காவலில் தான் பட்டதை ‘லாக்கப்’ என்ற நாவலாக எழுதினார். படத்தின் முன்பாதி அதிலிருந்து வந்தது. சென்னையில் நடக்கும் பின்பாதி நாவலில் இல்லை. ‘மொத்தமும் ஒருவர் பட்ட பாடு’ என்று எழுதினால் பாதி தப்பு. இரண்டு பாதிக்கும் நடுவே தையல் தெரிகிறதா, பின்பாதி முன்பாதியின் கேள்வியைப் பெரிதாக்குகிறதா அல்லது திசை மாற்றுகிறதா என்று பேசுவதுதான் அந்தப் படத்துக்கு உரிய விமர்சனம். அதைப் பேச வேண்டுமென்றால் எது எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

நிஜ வழக்கை எப்படித் தேடுவது?

குற்றவாளியின் பெயரை வைத்துத் தேடுவதுதான் எல்லோரும் செய்வது. பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். செல்லப்பாண்டி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். பட்டப்பெயர் இருந்தால் தீர்ப்பில் ‘என்கிற’ என்பதற்குப் பதிலாக ‘@’ குறி இருக்கும். அதைவிடக் காவல் நிலையத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள். குற்ற வழக்குத் தீர்ப்பின் தலைப்பில் அரசுத் தரப்பாக இன்ன காவல் நிலைய ஆய்வாளர் என்று இருக்கும். கூடவே குற்ற எண்ணும் ஆண்டும் வரும். காவல் நிலையம், ஆண்டு, சட்டப்பிரிவு மூன்றும் கையில் இருந்தால் இந்தியன் கானூன் போன்ற இலவசத் தளத்தில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு சிக்க நல்ல வாய்ப்பு உண்டு.

எந்த நீதிமன்றம் என்பதில் நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24-ல்தான் தொடங்கியது. அதற்குப் பிறகான வழக்கு எண்ணில் ‘எம்டி’ என்ற எழுத்துகள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 2004-க்கு முன்பு முடிந்த மேல்முறையீடு என்றால் சென்னையில் தேட வேண்டும்.

மாவட்டப் பெயரும் ஏமாற்றும். திண்டுக்கல் 1985-லும் தேனி 1996-லும் மதுரையிலிருந்து பிரிந்தவை. 1980-ல் போடியில் நடந்த கொலை ‘மதுரை மாவட்டம்’ என்றே பதிவாகியிருக்கும். தேனி என்று தேடிவிட்டு ‘அப்படி ஒரு வழக்கே இல்லை, கதைதான்’ என்று எழுதிவிடாதீர்கள்.

விசாரணை நீதிமன்ற ஆவணத்தின் நகல் வேண்டுமென்றால் நகல் மனுப் போட வேண்டும். வழக்கில் சம்பந்தமில்லாதவர் காரணமும் சொல்ல வேண்டும். படம் வெளியான வாரத்தில் இது கைக்கு வராது. மேல்முறையீட்டுத் தீர்ப்பே பெரும்பாலும் போதும்.

தீர்ப்பு கிடைத்துவிட்டது. எதைப் படிப்பது?

முதல் சில பத்திகளில் ‘அரசுத் தரப்பு வழக்கு சுருக்கமாக’ என்று ஒரு பகுதி இருக்கும். கதை போலவே ஓடும். அது போலீஸ் சொல்வது. நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது அல்ல. இதை எடுத்துப் போட்டு ‘நீதிமன்றமே சொல்லியிருக்கிறது’ என்று எழுதுவது நாம் பார்க்கிற தவறுகளிலேயே அதிகம் நடப்பது. நீதிமன்றத்தின் முடிவு கடைசியை ஒட்டி, சாட்சிகளை அலசிய பிறகு வரும். அவசரம் என்றால் கடைசி ஐந்து பக்கத்தை முதலில் படியுங்கள். அந்தத் தீர்ப்புக்கு மேல் உச்ச நீதிமன்றம் போனார்களா என்றும் பாருங்கள். கீழே தண்டனை, மேலே விடுதலை என்று முடிந்த வழக்கில், விடுதலையானவரைக் கொலையாளி என்று விமர்சனத்தில் எழுதினால் பிரச்சினை உங்களுக்குத்தான்.

முதல் தகவல் அறிக்கை வெறும் தொடக்கம். குற்றப்பத்திரிகை போலீஸ் தரப்பின் முடிவு. இரண்டுமே நிரூபணம் ஆகாது.

வாக்குமூலக் காட்சியை நம்பலாமா?

குற்றப்படங்களில் உச்சக் காட்சியே இதுதான். காவல் நிலையத்தில் ஒற்றை விளக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் அவன், ‘நான்தான் சார் செஞ்சேன்’. தியேட்டரில் பெருமூச்சு. ஆனால் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தில் 23-ஆம் பிரிவு. அவர் சொல்லி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட சொற்கள் மட்டும் உள்ளே வரும். ‘அரிவாளைக் கண்மாய்க் கரையில் புதைத்தேன், காட்டுகிறேன்’ என்றால் புதைத்த இடம் பற்றிய துண்டு ஏற்கப்படும். ‘அதால்தான் வெட்டினேன்’ என்பது நிற்காது.

படம் இந்தக் காட்சியை உண்மை வெளிப்படும் தருணமாகக் காட்டுகிறதா, அடித்து வாங்கியதாகக் காட்டுகிறதா, சந்தேகத்தில் விடுகிறதா? இயக்குநர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது இந்த மூன்றில் தெரிந்துவிடும். பின்னணி இசையையும் கவனியுங்கள். அடி விழும்போது இசை வீரமாக எழுந்தால், வசனத்தில் மனித உரிமை பற்றி எவ்வளவு பேசினாலும் படத்தின் மனசு வேறிடத்தில் இருக்கிறது.

நிஜத்தை மாற்றினாலே குற்றமா?

இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வருட வழக்கைச் சுருக்கினால் மாற்றாமல் முடியாது. மூன்று போலீஸ்காரர்களை ஒருவராக்குவது, ஊர் பெயரை மாற்றுவது, காலத்தை நெருக்குவது எல்லாம் வேலைக்கான வசதி. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மாற்றத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?

‘ஜெய் பீம்’ இதற்கு நல்ல பாடம். 2021 நவம்பர் 2-ல் ஓடிடியில் வந்தது. 1993-ல் இன்றைய கடலூர்ப் பகுதியில் நடந்த காவல் மரணமும், கே. சந்துரு வழக்கறிஞராக இருந்து நடத்திய ஆட்கொணர்வு மனுவும் அடிப்படை. படத்தில் பாதிக்கப்பட்டவர்கள் இருளர்கள். நிஜத்தில் குறவர் சமூகத்தவர். வழக்கறிஞரின் பெயர் அப்படியே இருக்க, சப்-இன்ஸ்பெக்டரின் பெயர் மாறியது. அந்தப் பாத்திரத்தின் வீட்டுச் சுவரில் ஒரு நொடி தெரிந்த காலண்டரில் வன்னியர் சங்கத்தின் அக்னி கலசச் சின்னம் இருந்தது. வன்னியர் அமைப்புகள் எதிர்க்க, பிறகு அந்தக் காலண்டர் படமே மாற்றப்பட்டது. இரண்டரை மணி நேரப் படத்தில் ஒரு காலண்டர்! அதைப் பற்றி எழுதிய அளவுக்கு, நிஜக் குடும்பத்தின் சமூக அடையாளம் மாறியது பற்றி எழுதவில்லை. நம் பார்வையில் இரண்டாவது கேள்விதான் கனமானது. இருளர் படும் துன்பத்தைச் சொல்வது ஒரு நியாயம். நிஜத்தில் போராடியவர்களின் அடையாளம் திரையிலிருந்து போவது இன்னொரு பக்கம். விமர்சனம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம்.

‘மதுரைப் படம்’ என்று ஒரு வகை சொல்கிறார்களே, அதை எப்படி எடைபோடுவது?

அரிவாள், ஜல்லிக்கட்டு, மச்சான் துரோகம், திருவிழாக் கூட்டத்தில் வெட்டு. 2008-ல் ‘சுப்பிரமணியபுரம்’ 1980-களின் மதுரையைச் சிரத்தையோடு கட்டிக் காட்டியதற்குப் பிறகு, அந்தச் சிரத்தை இல்லாமல் அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

இங்கே காரணத்தைச் சோதியுங்கள். மதுரை வட்டாரத்தில் நாடே பேசிய குற்றங்கள் எதனால் நடந்தன? 1997 ஏப்ரலில் வில்லாபுரத்தில் மாமன்ற உறுப்பினர் லீலாவதி கொல்லப்பட்டதன் பின்னால் இருந்தது குடிதண்ணீர்ப் பிரச்சினை. அதே ஆண்டு ஜூன் 30-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டது, தனித்தொகுதியான பிறகு அந்த நாற்காலியில் ஒரு தலித் உட்கார்ந்ததற்காக. மேலூர்ப் பக்கத்தில் கிரானைட் வெட்டியெடுத்ததை விசாரிக்க 2014-ல் உயர் நீதிமன்றம் ஐஏஎஸ் அதிகாரி உ. சகாயத்தை நியமித்தது. தண்ணீர்க் குழாய், ஊராட்சி நாற்காலி, கல் குவாரி. இவற்றில் எதுவும் ‘ரோஷம்’ என்ற ஒரு சொல்லில் அடங்காது. நிஜ வழக்கில் பணமும் பதவியும் சாதியும் காரணமாக இருக்க, படம் அதைக் கோபக்கார இளைஞனின் தனிப்பட்ட பழிவாங்கலாக மாற்றினால், அதுதான் விமர்சனத்தின் முதல் பத்தியில் வர வேண்டிய விஷயம். ஒளிப்பதிவு பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பேச்சிலும் காலத்திலும் எதையெல்லாம் சரிபார்ப்பது?

‘ஏலே’ திருநெல்வேலிப் பக்கம். மதுரைப் பாத்திரம் வாய்க்கு வாய் ‘ஏலே’ என்றால் வசனகர்த்தா வண்டியைக் கோவில்பட்டி தாண்டி ஓட்டிவிட்டார் என்று அர்த்தம். இங்கே ‘வந்தாய்ங்க’, ‘அவய்ங்க’, ‘அங்கிட்டு இங்கிட்டு’. ஆனால் ஒரே வாக்கியத்தில் மூன்றையும் திணித்தால் அதுவும் வேஷம்தான்.

1980-களில் நடக்கும் கதையில் மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் தெரியக் கூடாது; அது 1999-ல் வந்தது. வண்டியில் ‘டிஎன் 59’ பலகையும் கூடாது; அந்த எண் முறை 1989-க்குப் பிறகு வந்தது. இவற்றைக் கண்டுபிடிப்பது சுகமான வேலை, அதனாலேயே ஆபத்து. தவறுப் பட்டியலே விமர்சனமாகிவிடும். இரண்டைச் சொல்லுங்கள், மிச்சத்தை விட்டுவிடுங்கள். அந்தத் தவறு வழக்கின் காலவரிசையையே குழப்பினால் மட்டும் விரித்து எழுதலாம்.

‘குற்றப் பரம்பரை’ என்ற சொல் படத்தில் வருகிறது. விமர்சனத்தில் எப்படிக் கையாள்வது?

மற்ற ஊர்க்காரருக்கு இது சரித்திரச் சொல். உசிலம்பட்டிப் பக்கத்தில் தாத்தா, பாட்டி பட்ட பாடு. சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம், 1871-ல் வடக்கே தொடங்கி, 1911-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. நம் பக்கத்தில் முதலில் சிக்கிய ஊர்களில் கீழக்குயில்குடியும் ஒன்று. இங்கே வாய்மொழியில் அது ‘ரேகைச் சட்டம்’: கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-ல் போனது, நாடு முழுக்க 1952-ல். அந்தக் காலத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்னும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நடக்கின்றன.

இந்தப் பின்னணி தெரிந்தால், 2017-ல் வந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ போன்ற படத்தை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். நெடுஞ்சாலைக் கொள்ளைக் கும்பலைத் தமிழகப் போலீஸ் வடமாநிலம் வரை துரத்திப் பிடித்த நிஜ நடவடிக்கை அது. துரத்தல் காட்சிகளையும், தடயத்தைத் தடயமாக அடுக்கிய விதத்தையும் பாராட்டியவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. ஒரு கும்பல் செய்த கொலையை ஒரு இனத்தின் இரத்தத்தில் ஏற்றும் இடம் வருகிறதா என்று கேட்டவர்களும் தப்பாகக் கேட்கவில்லை. மதுரையில் உட்கார்ந்து எழுதுகிறவர் இரண்டாவது கேள்வியைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

நிஜப் பெயர்களை விமர்சனத்தில் எழுதலாமா?

ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது குறித்த வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இன்றும் அடிப்படை: நீதிமன்ற ஆவணம் உட்படப் பொது ஆவணத்தில் உள்ளதைச் சம்மதம் இல்லாமலும் வெளியிடலாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் அதில் சேராது.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி அந்த அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேரும். பெயர் மட்டும்தான் அடையாளம் என்று நினைப்பதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ‘இன்ன ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்த, இன்னாரின் இளைய மகள்’ என்று எழுதினால் பெயரே எழுதியதற்குச் சமம். படம் பெயரை மாற்றியிருக்க, நிஜப் பெயரைத் தேடி எடுத்து வாசகருக்குச் சொல்வதைத் தகவல் சேவை என்று நினைக்காதீர்கள்.

கடுமையாக எழுதினால் அவதூறு வழக்கு வருமா?

யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். நிற்குமா என்பதுதான் கேள்வி. பழைய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவில் இருந்த ஆறாவது விதிவிலக்கு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவுக்குள் இருக்கிறது: பொதுமக்களின் தீர்ப்புக்கென முன்வைத்த படைப்பைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது. சட்டம் தரும் உதாரணமே அழகு. ‘இவர் புத்தகம் முட்டாள்தனமாக இருக்கிறது, இவர் பலவீனமான ஆளாகத்தான் இருக்க வேண்டும்’ என்றால் பாதுகாப்பு உண்டு. புத்தகத்திலிருந்து தெரியும் குணத்தைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். ‘புத்தகம் மோசமாக இருப்பதில் ஆச்சரியமில்லை, ஆள் பலவீனமானவன், ஒழுக்கங்கெட்டவன்’ என்றால் இல்லை. படத்தைத் திட்டுங்கள். இயக்குநரின் வீட்டுக்குள் போகாதீர்கள்.

நிஜ வழக்கில் சம்பந்தப்பட்டவரைப் பற்றிய வரி வேறு கணக்கு. அங்கே உங்களைக் காப்பாற்றுவது தீர்ப்பு மட்டும்தான்.

மார்க்கும் நட்சத்திரமும் எவ்வளவு நம்பலாம்?

இந்த வகைப் படத்துக்கு மிகக் குறைவாக. ஆனந்த விகடனில் ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5 மார்க்கை இன்றும் பேசுகிறார்கள் என்றால், மார்க் கஞ்சத்தனமாக இருந்த காலத்தில் அதற்கு ஒரு கௌரவம் இருந்தது. இணையத்தில் பார்வையாளர் போடும் மதிப்பெண் அப்படி அல்ல. 2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ ஐஎம்டிபியில் 9.6 வரை ஏறியது. அந்த எண்ணில் படத்துக்குப் போட்ட மார்க் கொஞ்சம், விஷயத்துக்கும், படத்தை எதிர்த்தவர்களுக்குப் பதிலடியாகவும் போட்டது கொஞ்சம். எதிர்த் தரப்பு வெறும் 1 மார்க்காகப் போட்டுத் தள்ளுவதும் இதே வியாதிதான். உண்மைச் சம்பவம் என்றதுமே பாதிக்கப்பட்டவர்கள் மீதான பரிவு படத்தின் கணக்கில் வரவாகிவிடுகிறது.

தியேட்டரில் எப்படிக் குறிப்பெடுப்பது?

சிறிய நோட்டு, பேனா. போனை எடுக்க வேண்டாம்; பின்சீட்டுக்காரர் திட்டுவது ஒருபுறம், திரையில் ஓடுவதைப் பதிவுசெய்து நகலெடுப்பதற்கு, 2023-ல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டத்தின்படி 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. இருட்டில் எழுதும்போது ஒரு பக்கத்துக்கு மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள். ஒன்றன் மேல் ஒன்றாகக் கிறுக்கி, வீட்டுக்கு வந்து வாசிக்க முடியாமல் போகும்.

தொடக்க வாசகம் சில விநாடிதான் இருக்கும். பாப்கார்ன் வாங்கப் போய்விட்டு அதைத் தவறவிட்டால் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. கடைசி எழுத்துகள் ஓடும் வரை உட்காருங்கள்; நிஜ மனிதர்களின் புகைப்படமும் தீர்ப்பு விவரமும் அங்கேதான் வரும். விளக்கைப் போட்டு, பெருக்குமாறோடு ஆள் வந்து நின்றாலும் அசையாதீர்கள்.

கதைச் சுருக்கம் எவ்வளவு இருக்கலாம்? முடிவைச் சொல்லலாமா?

700 வார்த்தை விமர்சனத்தில் கதைக்கு 120 போதும். முடிவு விஷயத்தில் மற்றப் படங்களுக்கான விதி இங்கே அப்படியே பொருந்தாது. யார் கொன்றது, என்ன தண்டனை என்பது ஏற்கெனவே பேப்பரில் வந்தது. அதைச் சொல்லலாம். படம் அந்த முடிவை எப்படி வேறாக மாற்றியது என்பதை, இரண்டு வாரம் கழித்து எழுதும் கட்டுரையில் சொல்லுங்கள்.

வெளியான மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று தடை இருக்கிறதாமே?

இல்லை. தயாரிப்பாளர்கள் தரப்பு அப்படிக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2024 டிசம்பரில் இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. தியேட்டர் வளாகத்துக்குள் கேமராவோடு நின்று கருத்துக் கேட்பதை அனுமதிக்காமல் இருப்பது தியேட்டர்காரர் விருப்பம்.

தப்பாக எழுதிவிட்டோம். என்ன செய்வது?

சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். கட்டுரையின் உச்சியில் தேதியோடு ஒரு வரி: ‘இவர் தண்டிக்கப்பட்டதாக எழுதியிருந்தோம். மேல்முறையீட்டில் விடுதலையானார். திருத்தியிருக்கிறோம்.’ அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை. பழைய தலைப்பு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், தலைப்பில் தவறு இருந்தால் தலைப்பையும் மாற்றி, திருத்தத்தைத் தனியாக ஒருமுறை பகிருங்கள். சம்பந்தப்பட்ட குடும்பத்தார் போன் செய்து கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். எந்த வரி, எதனால் தவறு என்று எழுதிக்கொண்டு, தீர்ப்பைப் பார்த்துவிட்டு மறுநாளே திரும்பக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.